தோ, இங்கதான் கீது

மே மாதம் ஊட்டிக்குப் போய் அடுத்தவர் முதுகைப் பார்த்துவிட்டு வருவதற்குப் பதில், வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் நண்பர் கட்டிப்போட்டிருக்கும் தோட்டத்து வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நான், மனைவி, பையன், பெண், கூடவே மாமியார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். பழைய டிவிஎஸ் ஃபிப்டி ஒன்று வைத்திருக்கிறார். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில்கூட அதில்தான் போவார். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஏலகிரி கீது சார். தோ, இங்கதான். ஆம்பூரத் தாண்டினா மலை" என்றார்.

ஆம்பூரைத் தாண்டினோம். வாணியம்பாடியையும் தாண்டினோம். மலையடிவாரத்தைத் தொடும்போது காலையில் தின்ற இட்லி ஜீரணமாகி இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். கபிலரில் பையனுக்கு முகம் வெளுத்தது. பாரியில் வண்டியை நிறுத்தச் சொன்னான். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தார். என் பையன் சாலையோரச் செடிக்கு நான்கு இட்லி கொடுத்தான். மாமியார் எலுமிச்சம்பழத்தைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். மேலே புங்கனூர் ஏரியில் படகு விட்டோம். பையன் கரையிலேயே உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான் ஏலகிரி.

மறுநாள் ஸ்ரீபுரம் பொற்கோயில். "கேட்டுல எறங்கினா கோயிலு சார்" என்றார் பெரியவர். பொய் இல்லை, இறங்கியதுமே தங்கம் மின்னியது. ஆனால் கோயிலைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் பாதை போட்டிருக்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடை. முனை முனையாகத் திரும்பத் திரும்ப, கோயில் ஒரு சமயம் இடப்பக்கம் தெரியும், ஒரு சமயம் வலப்பக்கம் தெரியும், கிட்டத்தில் மட்டும் வராது. வழியெல்லாம் பொன்மொழிப் பலகைகள். அத்தனையையும் நின்று படித்தது மாமியார் ஒருவர்தான். மூட்டுவலி என்று யாரிடம் சொன்னாரோ, அந்தம்மாதான் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் நாள் அமிர்தி. "அருவி கொட்டும் சார், தோ இங்கதான்." துண்டு, மாற்றுத்துணி, சோப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். மானைப் பார்த்தோம், மயிலைப் பார்த்தோம். அருவி இருக்க வேண்டிய இடத்தில் நல்ல வழுவழுப்பான பாறை இருந்தது. பெண் அதில் ஏறி நின்று, குளிப்பதுபோல் போஸ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாள். வேலூர் வெயில் தெரிந்தும் மே மாதம் அருவி தேடிப் போன என்னைத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் திரும்பி வந்து பெரியவரிடம் கேட்டேன்.

"கொட்டும் சார். மழ பெஞ்சா கொட்டும்."

நான்காம் நாள் காரைத் தொடமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி வாக்கில் எங்கேயோ மோட்டார் ஓடும் சத்தம். பிள்ளைகள் ஓடினார்கள். கத்திரித் தோட்டத்துக்கு அந்தப்பக்கம் பெரிய கிணறு, பம்புசெட், தொட்டி நிறைய ஜில்லென்று தண்ணீர். மதியச் சாப்பாடு வரைக்கும் ஒருத்தரும் வெளியே வரவில்லை, நான் உட்பட. மாமியார் அங்கேயே நான்கு முள்ளுக் கத்திரிக்காய் பறித்தார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி ரகம். பறிக்கும்போது முள் விரலில் ஏறிவிட்டது. எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து சாப்பிட்டபிறகுதான் அதை மன்னித்தார்.

சாயங்காலம் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் பெரியவரே, கண்ணுக்கு எதிரே இவ்வளவு நல்ல பம்புசெட் இருக்கே, முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் டிவிஎஸ்ஸின் மேல் உட்கார்ந்தபடியே கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"அதுவா? வரப்புல வண்டி போவாது சார். நடக்கணும். தூரமாச்சே!"