கரிசலில் ஸ்மாப்பைச் சரிபார்க்கிறேன்: 0.041-இல் வந்து நிற்கிறது

ஒரு வழியாக 14 காலைகளின் மண் மாதிரிகள் சேர்ந்துவிட்டன. மண் ஈரத்தை வானிலிருந்து அளக்கும் நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் சொன்ன ஈரப்பதத்தோடு ஒப்பிட்டால் ஆர்.எம்.எஸ். பிழை (வேறுபாடுகளின் வர்க்கச் சராசரிக்கு மூலம்) 0.081; எண்ணெல்லாம் மண்ணின் கன அளவில் தண்ணீரின் பங்கு. சராசரி வேறுபாட்டைக் கழித்தால் 0.041. நாசா வைத்திருக்கும் இலக்கு 0.04. மயிரிழையில் போச்சு!

ஆனால் கழித்துவிட்ட அந்த 0.07-தான் உறுத்துகிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, சித்தப்பாவின் மானாவாரி உளுந்துக் காடு. அங்கே எடுத்த மண் கிட்டத்தட்ட எல்லா நாளும் செயற்கைக்கோள் சொல்வதைவிட ஈரமாகவே இருக்கிறது. கண்மாய் நிரம்பியிருந்தால் செயற்கைக்கோள்தான் கூடுதலாகக் காட்ட வேண்டும். இங்கே தலைகீழ்.

சந்தேகம், மாதிரி வளையத்தை மண்ணில் அடித்து இறக்கும் சுத்தியல் மேல் விழுந்தது. 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரம், 98 மி.லி. கொள்ளும் எவர்சில்வர் வளையம். மழை பெய்த மறுநாள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். பத்து நாள் காய்ந்தபின் அடித்தால் கரிசல் கடலை மிட்டாய் மாதிரி நொறுங்குகிறது; நொறுங்கியது வளையத்துக்குள் அமுங்கி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்கிறது. அதே 98 மி.லி.-க்குள் கூடுதல் மண், கூடவே கூடுதல் தண்ணீர். பரும அடர்த்தி (இவ்வளவு இடத்தில் இவ்வளவு உலர் மண் என்ற கணக்கு) அங்கேயே கெட்டுவிடுகிறது. அதற்கப்புறம் 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து என்ன பயன்?

சோதித்துப் பார்த்தேன். ஒரே காலை, ஒரு முழ இடைவெளி. அடித்து எடுத்தது 0.35. வளையத்தைச் சுற்றிக் கத்தியால் மண்ணைச் சீவிக்கொண்டே, மேலே பலகை வைத்துக் காலால் மெல்ல அழுத்தி இறக்கியது 0.31. ஒரு வளையத்துக்கு அரைமணி நேரம், முட்டியெல்லாம் சேறு. வரப்பில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, “கையில பிடிச்சா பதம் தெரியப்போகுது, இதுக்கு ஒரு ராக்கெட்டா?” என்றார்.

0.07-இல் சுத்தியலின் பங்கு 0.04 என்றால், மீதி 0.03? ஸ்மாப் பயன்படுத்தும் எல்-பேண்ட் நுண்ணலை ஈர மண்ணில் 5 செ.மீ. வரைகூடப் பார்ப்பதில்லை. மேல்தோல் காய்ந்ததும் அது ‘காய்ந்தது’ என்கிறது. என் வளையம் அடியில் மிஞ்சிய ஈரத்தையும் சேர்த்து அள்ளுகிறது. அது போக, ஸ்மாப் தரவு வரும் 9 கி.மீ. கட்டம் என்பதெல்லாம் பெயருக்குத்தான். ஆன்டெனா பார்ப்பது சுமார் 40 கி.மீ. அகலம். அதற்குள் ஊர், கண்மாய், சீமைக்கருவேலங்காடு எல்லாம் அடக்கம். ஒற்றைக் காட்டை வைத்து அதோடு மல்லுக்கட்டுவது கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வளையத்துக்குப் பழைய இரும்புக் கடையில் எவர்சில்வர் குழாய்த் துண்டு கிடைக்கும். லேத் பட்டறையில் விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவச் சொல்லுங்கள். உட்பக்கம் சீவினால் மண் அமுங்கும். என் முதல் மூன்று வளையங்கள் அப்படித்தான் வீணாயின. வளையத்துக்குப் பதில் மண்ணில் குத்தி ஈரம் பார்க்கலாம் என்று இணையத்தில் வாங்கிய கெபாசிட்டிவ் சென்சார் ஐந்தில் இரண்டு வந்த அன்றே செத்தவை. மீதி மூன்றும் ஒரே வாளி மண்ணில் மூன்று கதை சொல்கின்றன.

2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோள் நிசார்மேல்தான் இப்போது கண். அதன் ஈரப்பத வரைபடம் 200 மீட்டர் கட்டத்தில் வரவேண்டியது. அப்போது சித்தப்பா காட்டையே தனிக் கட்டமாகப் பார்க்கலாம். அதற்காகப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.

அதற்குமுன், காய்ந்த மண்ணில் சுத்தியலால் அடித்த மாதிரிகள் ஒன்பதையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். புதிதாக எடுத்த முதல் மூன்று ஓவனில் காய்கின்றன. நாளைக் காலைவரை கேக் கிடையாது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.