வேலூரில் அரை நாள் கையில் இருந்தால்

வேலூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், இல்லையென்றால் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு. காலையில் ரத்தம் கொடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டால் நடுவில் அரை நாள் சும்மா கிடக்கும். அதை வராந்தா நாற்காலியிலேயே கழித்துவிட்டு, "வேலூர்ல என்னங்க இருக்கு, ஒரே வெயில்" என்று சொல்லிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. எனக்கு ஊர் ஆரணி. 1989 வரைக்கும் ஆரணி, திருவண்ணாமலை, வேலூர் எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். பட்டுப்புடவை எங்கள் ஊரிலேயே நெய்கிறோம். மற்ற எல்லாத்துக்கும் எங்களுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் வேலூர்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த அரை நாளை என்னிடம் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு ரொம்ப தூரம் போகவே வேண்டாம். காந்தி ரோட்டுக்கும் அதை ஒட்டிய சந்துகளுக்கும் போனாலே போதும். போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து, இந்தி எழுத்து. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியம்தான் இந்த சி.எம்.சி. இன்றைக்குக் கொல்கத்தா, அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு ரயிலேறி வருகிறார்கள். சிலர் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் தங்குகிறார்கள். ஓட்டல் சாப்பாடு எத்தனை நாளைக்கு ஒத்துக்கொள்ளும்? அதனால் இங்கே பல லாட்ஜ்களில் அறையோடு சமைக்க இடமும் உண்டு. அவர்கள் சமைக்க வேண்டுமே என்று கடுகெண்ணெய், மசூர் பருப்பு, ஆற்று மீன், பொட்டோல் என்று ஒரு கடைவீதியே முளைத்துவிட்டது. பொட்டோல் என்றால் வரி போட்ட பச்சைக் காய், நம் கோவைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆரணியில் யாரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே தள்ளுவண்டி வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் காய் வாங்குவது எனக்குப் பிடிக்கும். ஐம்பது வயசிருக்கும். போன முறை நான் நின்றிருந்தபோது நரைத்த தலையோடு ஒரு வங்காளத்து அம்மா பொட்டோலை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அக்கா கொஞ்சமும் அசராமல், "தீதி, டாட்கா, ஏக்தம் டாட்கா!" என்றார். புதுசு, இப்போ பறித்தது என்று அர்த்தமாம். எடை போட்டு, காசு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னாம்மா வோணும்? புதினா கீது, கொத்தமல்லி கீது." எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக்கொடத்துலயா கத்துகினேன்? வர்றவங்க பேசுறாங்க, நாமளும் பேசிகினே போவ வேண்டியதுதான். ஒடம்பு சரியில்லாம வந்துகீறாங்க பாவம், அவங்க பாசைல ஒரு வார்த்த பேசுனா சந்தோசப்படுவாங்க இல்ல?" வேலூர் எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இந்த அக்காவைத்தான் சொல்வேன். கவலையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்கு இதமாக நடந்துகொள்ளப் பழகிய ஊர் இது.

மத்தியானத்துக்கு அந்தச் சந்துகளிலேயே மீன்குழம்புச் சாப்பாடு கிடைக்கும். சோறு, தண்ணியாகக் கடைந்த மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், மஞ்சளாக ஒரு மீன் ஜோல். நம் புளிக்குழம்பு நாக்குக்கு முதல் கவளத்தில் கடுகெண்ணெய் வாடை தூக்கலாகத்தான் இருக்கும். மூன்றாவது கவளத்தில் பிடித்துவிடும்.

பிரியாணிதான் வேண்டும் என்றால் ஆம்பூர் பிரியாணி ஊர் முழுக்கக் கிடைக்கிறது. அம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பூருக்கே போய்ச் சாப்பிடுவது உத்தமம், அதற்கு அரை நாள் பத்தாது. எங்கே சாப்பிட்டாலும் அரிசி சீரக சம்பாவா என்று பாருங்கள். மிளகாய்த்தூள் போடாமல், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில்தான் இந்தப் பிரியாணிக்கு அந்த நிறமும் காரமும் வருகிறது. தொட்டுக்கொள்ளப் புளி ஊற்றிய கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். கத்திரிக்காய் தராத கடையில் நான் இரண்டாம் தரம் உட்கார்வதில்லை.

கத்திரிக்காய் என்றதும் நேதாஜி மார்க்கெட்டுக்கு வந்துவிட வேண்டும். காலையில் போனால் நல்லது, பூக்கடைகளைத் தாண்டி நடக்கும்போதே சாமந்தியும் மல்லியும் மூக்கைப் பிடித்து இழுக்கும். காய்க்கடைப் பக்கம் போய் "முள்ளு கத்திரிக்கா இருக்கா?" என்று கேளுங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் விளைவது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே எங்கள் வீட்டில் வேறு கத்திரிக்காய் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஆகாது. காம்பிலும் காம்பை மூடிய பச்சைத் தொப்பியிலும் நிஜமான முள் இருக்கும், விரலில் குத்தும். கடைக்காரர்கள் காம்பைத் தொடாமல் காயின் வயிற்றைப் பிடித்துத்தான் அள்ளுவார்கள். நீங்களும் அப்படியே எடுங்கள். முள் விறைப்பாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். துவண்டிருந்தால் பறித்து ரெண்டு நாளாகிவிட்டது. வீட்டுக்கு வந்து காம்போடு நாலாகக் கீறி, எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து அரைத்த மசாலாவை அடைத்து, நல்லெண்ணெயில் மூடி வையுங்கள். விதை அதிகம் இருக்காது, கசக்காது. சதை வெண்ணெயாகக் குழையும், தோல் மட்டும் உருக்குலையாமல் நிற்கும்.

மார்க்கெட்டை விட்டு வெளியே வந்தால் லாங்கு பஜார். வளையல், எவர்சில்வர், அத்தர், லுங்கி, தொப்பி, கல்யாண மாலைக்கு ஜிகினா, எல்லாம் ஒரே நெரிசலில். வண்டியில் போகாதீர்கள், நடந்து போங்கள். மண்டித் தெருப் பக்கம் வெல்லமும் மிளகாயும் கலந்த ஒரு வாசனை வரும். மூட்டை தூக்குகிறவர்கள் "ஓரம், ஓரம்!" என்று கத்திக்கொண்டே வருவார்கள், ஒதுங்கி வழிவிடுங்கள். வேலூர் வெயில் சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். ஆகவே நன்னாரி சர்பத்தும் நுங்கும் இங்கே ஆடம்பரத்தில் சேராது. சர்பத்துக்கு எலுமிச்சம்பழத்தைக் கண்ணெதிரே பிழிகிற கடையாகப் பார்த்துக் குடியுங்கள். ரம்ஜான் மாதமாக இருந்தால் சாயங்காலம் வரை பஜாரிலேயே சுற்றுங்கள். நோன்புக் கஞ்சியும் சமோசாவும் பழத்துண்டுகளுமாகத் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். "வாங்கம்மா, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று முன்பின் தெரியாத பாய் ஒருவர் எனக்கு டம்ளரை நீட்டியிருக்கிறார். பூண்டும் புதினாவும் தேங்காய்ப்பாலும் போட்ட அந்தக் கஞ்சிக்கு ஈடாக எனக்கு ஒரு சூப்பும் தெரியாது.

வெயில் தாழ்ந்ததும் கோட்டை. அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, அதை ஒட்டி நடந்தாலே பாதிச் சோர்வு போய்விடும். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இதற்குள்தான். திப்புவின் பிள்ளைகளைச் சிறை வைத்திருந்த மகால்களும், கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சாகும்வரை அடைபட்டுக் கிடந்ததும் இதே மதிலுக்குள். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் விஷயம் எங்கள் பாட்டி சொன்னது. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. நெடுங்காலம் மூலவர் இல்லாமலே கிடந்த கோயில். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வருஷம் பாட்டி ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்து தரிசனம் பண்ணியவர். நான் போனால் கல்யாண மண்டபத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. யானையின் உடம்பைக் கையால் மறைத்தால் காளை, காளையை மறைத்தால் யானை. குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

மூன்றாவதாக அந்த ஆறு. காட்பாடிக்குப் போகும் 1, 2 நம்பர் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாலாற்றுப் பாலத்தைக் கடப்பீர்கள். பெரும்பாலும் மணலும் முள்செடியும்தான். 2021 நவம்பரில் இரு கரையும் புரள ஓடியபோது, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆற்றில் தண்ணி பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய.

செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வாய்த்தால் விடிகாலையில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய் வாருங்கள். பெங்களூர் ரோட்டில் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆந்திராவிலிருந்தும் மாடு வரும். மாடு வாங்கத் தேவையில்லை, தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தால் போதும். கையைச் சேர்த்துத் துண்டைப் போட்டு மூடிவிட்டு உள்ளே விரலைப் பிடித்துத்தான் தொகை சொல்வார்கள். வாயில் பேச்சு எல்லாம் மழையைப் பற்றியும் மாமியார் வீட்டைப் பற்றியும் இருக்கும். ஒருவர் முகம் சுருங்குவதை வைத்து விரல் எவ்வளவு சொன்னது என்று ஊகிக்கலாம். பக்கத்திலேயே கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை விற்கிற கடைகள். சலங்கை ஒன்று வாங்கி வீட்டு வாசல் கதவில் கட்டியிருக்கிறேன்.

சென்னைப் பக்கம் திரும்புகிறவர்கள் ஆற்காட்டில் ஒரு ஐந்து நிமிஷம் இறங்கி மக்கன் பேடா வாங்குங்கள். பார்க்க குலாப் ஜாமூன் மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். தட்டையாக இருக்கும், உள்ளே முந்திரி, பாதாம், பிஸ்தா எல்லாம் பொடியாக நறுக்கி வைத்திருப்பார்கள். கரண்டியை வைத்து லேசாக அழுத்தினாலே பிளந்துகொள்ளும். கோவாவின் மணம் முதலில், பருப்பு பல்லில் படுவது அப்புறம். அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் அந்த மென்மை இருக்காது. பாகு கசியும், டப்பாவை நிமிர்த்தி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு கூடவே வாங்குங்கள், வாலாஜா தாண்டுவதற்குள் ஒன்று காலியாகிவிடும்.