கன்னத்தில் பட்ட காற்று

பெங்களூரு பீன்யாவில், வான்கப்பல் (வாயு நிரப்பி, இன்ஜினால் ஓட்டும் பெரிய பலூன்) செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன் என்றால் ஊரில் முதலில் வரும் கேள்வி, "அது தீப்பிடிச்சு எரிஞ்சதாச்சே?" என்பதுதான். 1937-ல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலில் இருந்தது ஹைட்ரஜன், நாங்கள் நிரப்புவது எரியவே எரியாத ஹீலியம் என்று அம்மாவுக்கே நாலைந்து முறை சொல்லியிருப்பேன்.

ஆனால் ஹீலியம் இண்டு இடுக்கு கிடைத்தால் நழுவிவிடும். விலையும் அதிகம். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1 கிலோவைத் தூக்கும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று லேசு, வாயுவை அடைக்கும் அதே துணி உறை இங்கே எட்டு ஒன்பது சதவீதம் குறைவாகத்தான் தூக்கும். இது மனசில் ஏறிய பிறகு ஒரு போல்ட்டைக்கூட எடை போடாமல் மாட்ட முடியவில்லை.

உறைத் துணியை ஆரஞ்சுச் சுளை மாதிரி நீளநீளமாக வெட்டி, சூடான பட்டையால் அழுத்தி ஒட்டுவோம். ஊசி நூல் கிடையாது, ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு. ஒட்டும் மேஜையில் பாதிப்பேர் கார்மென்ட்ஸிலிருந்து வந்தவர்கள், அதில் ஸ்ரீராமபுரத்து அக்கா ஒருவர்.

ஒருமுறை சோதனை உறையில் காற்றடித்து ராத்திரி முழுக்க விட்டிருந்தோம். உள்ளே இருக்கும் அழுத்தம் ரொம்பக் குறைவு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் 5 சென்டிமீட்டர் ஏறி நிற்கும், அவ்வளவுதான். காலையில் பார்த்தால் பாதிகூட இல்லை. ராத்திரி குளிருக்குக் காற்று சுருங்கியிருக்கும் என்றேன். அது பொய்யில்லை, ஒரு டிகிரி குளிர்ந்தாலே அளவு நன்றாக இறங்கும். ஆனால் வெயில் ஏறியும் தண்ணீர் ஏறவில்லை.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒட்டு ஓரமாகக் கன்னத்தைக் கொடுத்தபடி குனிந்தே நடந்தார். அடிப்பக்கம் வந்ததும் நின்றார். "தம்பி, சோப்புத் தண்ணி கொண்டா, இங்க சில்லுனு வருது." பிரஷ்ஷால் தடவியதும் கடுகு கடுகாக நுரை வந்தது, ஒரு சாண் நீளத்துக்கு.

அந்த இடத்தை ஒட்டும்போது கரண்ட் போய் வந்திருக்கிறது. பட்டை முழுசாகச் சூடேறும் முன் ஓட்டிவிட்டார்கள். அதை அக்கா அன்றைக்கே சொல்லியும் இருக்கிறார். எழுதி வைக்க லாக் ஷீட்டில் இடமில்லை. அந்த ஷீட்டைப் போட்டவன் நான், அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. அப்புறம் கரண்ட் போனால் நேரம் எழுத ஒரு கட்டம் சேர்த்தோம். மறுபடி ஆரம்பிக்கும் முன் ஒரு துண்டை ஒட்டி இழுத்துப் பார்ப்போம், ஒட்டு பிரியாமல் துணி கிழிந்தால் சரி. மேஜையில் நிற்பவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும்.

நான் வேலை மாறிய பிறகு, 2025 மே மாதம், ஆக்ராவில் இருக்கும் டிஆர்டிஓ (மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகத்தின் வான்கப்பல் மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரிலிருந்து கிளம்பி சுமார் 17 கிலோமீட்டர் உயரம் போனது, மொத்தம் 62 நிமிடம் பறந்தது. உறைக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும் அதில் சோதித்தார்கள். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "ரொம்ப நல்லாருக்கு தம்பி. ஒட்டு எந்தப் பக்கம் வருதுன்னுதான் தெரியல, கிட்டக்க எடுத்தது இருந்தா அனுப்பு."