பழைய நேரம், புது நேரம்

குளத்து நீர்மட்டம், மழை, கிணற்று நீர்மட்டம் என்று பல வருடத்துக் கொப்பிகளைச் சேர்த்து, ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கக்கூடியதாக ஒரு சேர்வரில் ஏற்றுவதுதான் எனக்குத் தந்த வேலை. மூன்று மாதம் போதும் என்று சொல்லித் தொடங்கினேன். தட்டச்சு மூன்று மாதத்தில் முடிந்தது. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஹைட்ரோசேர்வர். அமெரிக்காவின் குவாசி என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் நீர்த் தரவுத் திட்டத்தில் உருவான இலவச மென்பொருள். அது எண்ணை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளாது. எந்த இடம், எந்த முறையில் அளந்தது, யார் தந்தது, சரிபார்த்ததா, கிரீன்விச் நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எல்லாம் கேட்டுத்தான் உள்ளே விடும். சோதனைச்சாவடி என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

முதலில் மாட்டியது நான். இரணைமடுக் குளம் 36 அடி என்றால் கிளிநொச்சியில் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும், 10.97 மீற்றர் என்றால் எனக்கே யோசிக்கவேணும். கொப்பிகள் எல்லாம் அடி, அங்குலத்தில். 24 அடி 9 அங்குலத்தை 24.9 என்று எழுதியிருந்தார்கள், நானும் அப்படியே எக்செலில் அடித்துவிட்டேன். மாரியில் குளம் ஏறுகிற நாட்களின் வரைபு வாள் பல்லு மாதிரி வந்தது. 24.9க்கு அடுத்த நாள் 24.10. எக்செல் கடைசிப் பூச்சியத்தை விழுங்கி 24.1 ஆக்கிவிடும். அதனால் 1 அங்குலமும் 10 அங்குலமும் ஒன்றாகிப்போயின. பிரித்தறிய வழியில்லை, திரும்பவும் கொப்பிக்குத்தான்.

கிணறுகளில் வேறு கதை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அளவோ கட்டின் விளிம்பிலிருந்து. ஒன்றரை அடி கட்டு உயர, தண்ணீர் ஒன்றரை அடி இறங்கியதாக வரைபு சொன்னது. இடம்பெயர்ந்த மாதங்களுக்கு யாரோ 0 போட்டிருந்தார்கள். பூச்சியம் என்றால் குளம் வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த மாதங்களுக்கு -9999 போட்டேன், அளவு இல்லை என்பதற்கான எண்.

என்னை அதிக நாள் மறித்தது நேரம். 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி 5.30 ஆனது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியின் உட்பகுதியில் பழைய நேரமே ஓடியது. சமாதான காலத்தில் வவுனியாவிலிருந்து ஓமந்தை தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்தது ஞாபகம். மழை பார்ப்பது காலை 8.30க்கு. கொப்பியிலும் 8.30 என்றுதான் இருக்கிறது. எந்த 8.30?

நாள் மழைக்கு அரை மணி பெரிய விஷயமில்லைதான். ஆனால் மழையை அளக்க 1997இல் ஏவிய ட்ரிம் செய்மதியின் தரவு மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றாகப் பதிந்திருக்கிறது. அதோடு ஒப்பிடப் போகிறவர் எங்கோ ஒரு நாட்டில் இருந்து, அந்த வருடங்களில் இலங்கைக்கு +6 என்று கணினி சொல்வதை நம்பித்தானே கணக்குப் பார்ப்பார்?

ஓய்வுபெற்ற ஒரு பதிவாளரைத் தேடிப் போனேன்.

“ஐயா, 98இல மழை பாக்கேக்க பழைய நேரமோ, புது நேரமோ?”

“பழைய நேரம்தான் தம்பி. மேலிடத்துக்கு அனுப்பிற படிவத்திலயும் எட்டரை எண்டுதான் போட்டனாங்கள். அவை புது நேரம் எண்டு நினைச்சிருப்பினம். நாங்கள் ஒண்டும் பொய் எழுதேல்லை.”

அந்த நிலையத்துக்கு +5.30, வவுனியா நகரத்துக்கு +6 என்று பதிந்தேன். மடிக்கணினியில் தன் வரைபைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், நவம்பரில் ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

“இந்த நாள் நான் போகேல்லை. காய்ச்சல். அடுத்த நாள் இருந்ததைப் பாதி பாதியாப் பிரிச்சுப் போட்டனான்.”

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று குறிப்புச் சேர்த்தேன். எட்டிப் பார்த்தார்.

“காய்ச்சல் எண்டும் போடுங்கோ.”

போட்டேன்.