எதால் வெட்டினார்கள்?

கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் பெருமழை. ஆடியில் கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும்; எங்களுக்குச் சாரலோடு போய்விடும். அப்படியொரு ஐப்பசியில் மாமனார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கோவையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எபாக்ஸி பிசினுக்குள் துருப்பிடிக்காத எஃகு இழைகளை நறுக்கிப் போட்டு வார்த்த தகடு. இழையின் தடிமன் 30 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. தகட்டை இழுக்கும்போது தகைவு, அதாவது உள்ளே ஒவ்வொரு சின்னப் பரப்பிலும் விழும் விசை, எங்கே, எவ்வளவு குவிகிறது என்று கணினியில் மாதிரி செய்து சொல்ல வேண்டும்.

எஃகின் விறைப்பு, அதாவது நீள மறுக்கும் பிடிவாதம், சுமார் 200 ஜிகாபாஸ்கல். எபாக்ஸிக்கு 3 தான். பிசின் நீளப் பார்க்கும், இழை விடாது. அந்த இழுபறி முழுக்க இழையின் முனைகளில் வந்து சேரும். பெரிய தகட்டில் சின்ன வட்டத்துளை போட்டால் ஓரத்தில் தகைவு 3 மடங்கு என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே கணக்குப் போட்டுவிட்டார். அதுபோல எனக்கும் ஒரு எண் வந்து நிற்கும் என்று நம்பினேன்.

நிற்கவில்லை. இழையின் முனையைச் செங்குத்தாக வெட்டிய குச்சி மாதிரி வரைந்திருந்தேன். அதன் மூலையில் முதலில் 88 மெகாபாஸ்கல். கணக்குப் போட மாதிரியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலைதான் மெஷ்; அதைப் பாதியாகப் பொடியாக்கினேன், 108. இன்னும் பாதி, 133. நடுவில் கரண்ட் போய், யுபிஎஸ் கத்தி, ஒரு ராத்திரி ஓட்டம் வீணானது. எண் ஏற ஏற உண்மையை நெருங்குகிறோம் என்றுதான் நினைத்தேன். கடைசி எண்ணை அறிக்கையில் போட்டு அனுப்பியும் விட்டேன். கோவையில் இழுத்துப் பார்த்தார்கள். நான் சொன்ன சுமையைப் போல இரண்டு மடங்குக்கும் தகடு சாதாரணமாகத் தாங்கியது. போனில் மேனேஜர் கோபப்படவில்லை. "சரி, பார்த்துச் சொல்லுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பொருள் இளகாது, விட்டால் பழையபடி திரும்பிவிடும் என்று வைத்துப் போடுவது மீள்தன்மைக் கணக்கு. கூர்மூலையில் அதற்கு முடிவே கிடையாது. மெஷ் எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு ஏறும். நான் எழுதி அனுப்பியது என் மெஷ்ஷின் அளவை. பொருளின் குணத்தை அல்ல. கல்லூரியில் படித்ததுதான், அவசரத்தில் ஞாபகம் வரவில்லை. மூலையை 2 மைக்ரான் ஆரத்தில் உருட்டினேன், தகைவு அளவு மீறினால் பிசின் கொஞ்சம் இளகும் என்றும் கணக்கில் வைத்தேன். எண் ஒருவழியாக நின்றது. 120 டிகிரியில் இறுகிய தகடு 25-க்கு ஆறும்போது பிசின் எஃகை விட மிக அதிகமாகச் சுருங்கப் பார்க்கும். அந்த வித்தியாசமே 0.45 சதவீதத்தைத் தொடும். ஒரு கிராம் எடை தொங்கவிடும் முன்பே உள்ளே தகைவு தயார். அதையும் சேர்த்தேன். ஆனாலும் ஒரு தொகுதித் தகடுகள் மட்டும் என் கணக்குக்கு முன்னாலேயே உடைந்துகொண்டிருந்தன.

உடைந்த இடத்தின் நுண்ணோக்கிப் படங்களைக் கேட்டு வாங்கினேன். திரையில் பெரிதாக்கினால், நான் வரைந்த குச்சியும் இல்லை, உருட்டிய முனையும் இல்லை. இழையின் நுனி ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாழைப்பழத் தோல் போல ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறின் அக்குளில் பிசின் போய்ச் சேராத ஒரு குட்டிக் காற்றுக்குமிழ். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

மாமா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"கம்பியா மாப்ளே?"

"ஆமா மாமா. முடியை விட மெல்லிசு."

"எதால வெட்டினாங்க?"

மூன்று வாரமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கோவைக்கு போன் போட்டேன். லேப் பையன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: அந்தத் தொகுதிக்கு மட்டும் வெட்டும் பிளேடை மாற்றவில்லையாம் சார், பழசையே ஓட்டிவிட்டார்களாம்.