இதுல நான் எங்க?

"இதுல நான் எங்க இருக்கேன் தம்பி?"

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்த நேரம். மீன் ஏலத்துக்கு ஆப் செய்யும் கல்லூரிப் பையன் விரித்த யூஸ் கேஸ் வரைபடத்தில் (ஆப்பை யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று காட்டும் படம்) விரல் வைத்து மீன் வாங்கும் அக்கா கேட்டார். ஈர விரல். 'மீன் வாங்குதல்' என்ற நீள்வட்டத்தில் மை கலங்கிவிட்டது.

பையன் ஒரு குச்சி மனிதனைக் காட்டினான். "வாங்குபவர், நீங்கதான்."

"வாங்குறது மட்டுமா? படகுக்கு முன்பணம் குடுத்திருக்கேனே, அது?"

பையன் முழித்தான். எனக்கோ குஷி.

யூஸ் கேஸ் வரைபடத்தில் குச்சி மனிதன் என்பது ஆள் இல்லை, ஒரு பொறுப்பு. அக்கா ஒருத்தரே இரண்டு குச்சி மனிதர்களாக நிற்கலாம். பணம் அனுப்பும் வங்கி சர்வர்கூட, ஆப்பைக் குறிக்கும் கட்டத்துக்கு வெளியே இருப்பதால் குச்சி மனிதன்தான் (பாவம், அதற்குக் கை கால் வேறு).

ஸ்வீடன் கணினியியலாளர் ஐவார் யாகோப்சன் 1980களில் இந்த முறையைக் கொண்டுவந்தார். மென்பொருள் வரைபடங்களுக்கான பொது மொழியான யூஎம்எல் 1997இல் தரநிலையானபோது இதுவும் அதில் இருந்தது. அடிப்படை இவ்வளவுதான்: யார் வருகிறார்கள், என்ன காரியம் முடிய வேண்டும்? அதைத் துறைமுகத்தில்தான் கேட்க முடியும், லேபில் உட்கார்ந்து இல்லை.

பரீட்சையில் என்னவோ, ஒரு காரியத்துக்குள் இன்னொன்று அடக்கம் என்று காட்டும் இன்க்ளூட் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குத்தான் மார்க்கை வெட்டுகிறார்கள்.