முட்டை தெரியல மிஸ்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தது ஓர் உயர்நிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு அறிவியல், 42 பிள்ளைகள். கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று சக மாணவிகளுக்கு ஆறு நிமிடம் பாடம் நடத்திய தைரியத்தில்தான் போனேன். அவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார்கள்.

முதல் பாடம் அடர்த்தி. வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பைக் கரைத்தால் தண்ணீரின் அடர்த்தி கூடி முட்டை மேலே வரும். வீட்டில் செய்து பார்த்தபோது மூன்று ஸ்பூன் உப்பு போதுமாக இருந்தது. வகுப்பில் ஐந்தாவது ஸ்பூன் வரை முட்டை அசையவே இல்லை. வீட்டில் எடுத்தது பல நாள் கிடந்த முட்டை, அன்று கொண்டுபோனது காலையில் கடையில் வாங்கியது. நாளாக ஆக முட்டைக்குள் காற்றறை பெரிதாகி அடர்த்தி குறையும் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஏழாவது ஸ்பூனில் ஒருவழியாக மிதந்தது. நான் பூரித்து நிமிர்ந்தால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், முட்டை தெரியல. உங்க முதுகுதான் தெரியுது."

அந்த 2025 ஜூலையில்தான், கடைசி பெஞ்சே இல்லாமல் 'ப' வடிவில் உட்கார வைக்கலாம் என்று பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பி, கழுத்து வலி வரும், கண் கெடும் என்று எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்திருந்தது. நானும் ஒருநாள் செய்து பார்த்தேன். பெஞ்சை இழுத்து முடிக்கவே பன்னிரண்டு நிமிடம் போயிற்று. கீழ் வகுப்பு ஆசிரியர் மாடியேறி வந்து, "இங்கே என்னம்மா நடக்குது?" என்றார். இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தைத் திருகினார்கள். கழுத்து வலி என்றவர்கள் சும்மா சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பெஞ்சைத் தொடவில்லை. சோதனை செய்யும்போது மட்டும் மேசையை நடுவில் போட்டு எல்லாரையும் சுற்றி நிற்கச் சொன்னேன். எளிய வழி, முதலிலேயே தோன்றியிருக்கலாம்.

ஆனால் வகுப்பறை அமைப்பு என்பது பெஞ்சோடு முடிகிற விஷயமாக இல்லை. ஐந்தாம் வாரம், கல்வி உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. வேகமாக முடிக்கலாம் என்று, "ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எழுந்து நில்லுங்க" என்றேன். பட்டியலில் 14 பேர், நின்றது 13. ஒரு பையன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான், கட்டிக்கொண்டே இருந்தான். அவனைப் பார்த்து இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். அப்போதுதான் கவனித்தேன்: நின்றவர்களில் பெரும்பாலோர் சுவரோரமாக, ஒரே வரிசையில் இருந்தார்கள். யாரும் அப்படி உட்கார வைக்கவில்லை. ஒரே தெருவிலிருந்து சேர்ந்து வருகிறார்கள், சேர்ந்து உட்காருகிறார்கள், அவ்வளவுதான் என்றார் வகுப்பாசிரியர்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். எழுந்து நிற்கச் சொன்னபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

சாதி வெறியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்ற பரிந்துரைகள் உண்டு. வகுப்பாசிரியரிடம் கேட்டேன். "நீங்க இருக்கிறவரை செஞ்சுக்கோங்க" என்றார். செய்தேன். அகரத்தில் பெயர் தொடங்கிய உயரமான பெண் முதல் வரிசைக்கு வந்து, பின்னால் இருந்த நால்வருக்குப் பலகையை மறைத்தாள். கண்ணாடி போட்ட ஒருவனை விதிவிலக்காக முன்னால் கொண்டுவந்தேன். நான் வராத நாட்களில் பிள்ளைகள் பழைய இடத்துக்கே போய்விடுவதாகவும் கேள்விப்பட்டேன். ஷூ லேஸ் கட்டிய பையனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு மிஸ்?" என்று ஒன்றும் தெரியாதவன் போல ஓடிவிட்டான்.

கடைசி வாரம் அவனே வந்தான், புதிதாகப் பக்கத்தில் உட்கார்ந்தவனையும் கூட்டிக்கொண்டு.

"மிஸ், பழைய முட்டைக்கு உப்பு கம்மியாப் போதும்னீங்களே, அழுகின முட்டைன்னா உப்பே வேண்டாமா?"

"வேண்டாம், வெறும் தண்ணியிலேயே மிதக்கும்."

"அப்போ நாளைக்குக் கொண்டு வர்றோம் மிஸ்."

எச்.எம். அறை எங்கள் வகுப்புக்கு நேர் கீழே. வேண்டாம்ப்பா என்று இரண்டு பேரிடமும் கெஞ்ச வேண்டியதாயிற்று.